சென்னையில் ஸ்டாண்ட்-அப் மேடையும் பாட்காஸ்டும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் ஸ்டாண்ட்-அப் செய்ய வேண்டும், கூடவே ஒரு பாட்காஸ்டும் நடத்த வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நகைச்சுவை எழுதுவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மேடையே பதில் சொல்லிவிடும். எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், பேசிய பணம் எப்போது கைக்கு வரும், எதற்கு இப்போதே செலவு செய்யக் கூடாது என்பவற்றை மேடை சொல்லித் தராது. நான் இவற்றைப் பலரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள நெடுங்காலம் ஆனது. யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் யாரும் ஓரிடத்தில் எழுதி வைக்கவும் இல்லை. ஆகவே மேடை முதலில், தாள்கள் அடுத்து, பாட்காஸ்ட் அதன் பிறகு, சொந்த டிக்கெட் நிகழ்ச்சி கடைசியில் என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் பெரும்பாலும் பணத்தை முதலில் இழக்கிறார்கள், ஆர்வத்தைப் பிறகு இழக்கிறார்கள்.

1. ஐந்து நிமிடத்துக்கான செட்டைத் தயார் செய்யுங்கள்

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம் என்ற ‘ஓப்பன் மைக்’ நிகழ்ச்சியில் புதியவருக்குக் கிடைப்பது நான்கு அல்லது ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் பேசுவதற்குப் பெயர்தான் ‘செட்’. அதற்கு நான்கு நிமிடப் பேச்சை மட்டும் எழுதுங்கள், ஏனெனில் சிரிப்புக்கும் நேரம் வேண்டும். சிரிப்பு வராவிட்டால் சீக்கிரம் இறங்கிவிடலாம், அதுவும் நல்லதுதான். வீட்டில் மனத்துக்குள் படித்துப் பார்த்தால் நேரக் கணக்கு தவறும் என்பதால், எழுந்து நின்று, வாய்விட்டுப் பேசி, கைபேசியில் பதிவு செய்து நேரத்தைப் பாருங்கள்.

உங்கள் நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அரங்கின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் கைபேசி டார்ச்சை உயர்த்திக் காட்டுவார். இதை ‘லைட் காட்டுவது’ என்பார்கள். லைட்டைப் பார்த்ததும் ஓடிக்கொண்டிருக்கும் ஜோக்கை முடித்துவிட்டு இறங்க வேண்டும். சிரிக்க வைக்கத் தவறியவரைக்கூட அமைப்பாளர்கள் மீண்டும் அழைப்பார்கள். நேரத்தை மீறியவரை எளிதில் அழைக்க மாட்டார்கள், ஏனெனில் அவருக்குப் பின்னால் காத்திருக்கும் பத்துப் பேரின் நேரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார்.

2. ஓப்பன் மைக்கில் ஸ்பாட் வாங்குங்கள்

அடையாறு பேக்யார்ட், ஆழ்வார்பேட்டை மேடை போன்ற சிறு அரங்குகளிலும், நகரத்தின் சில காபிக் கடைகளிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடந்துவந்திருக்கின்றன. இடங்கள் அடிக்கடி மாறும் என்பதால் இடத்தைத் தேடாமல், நடத்தும் குழுக்களை இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள். கூகுள் ஃபார்ம் அல்லது வாட்ஸ்அப் குழு வழியாகப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் தடவை பார்வையாளராக மட்டும் சென்று, முடிந்ததும் நடத்துபவரிடம் அறிமுகம் செய்துகொள்வது ஃபார்மை மட்டும் நிரப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட விரைவில் பலன் தரும்.

செலவு பெரிதில்லை. சில இடங்களில் ஸ்பாட் இலவசம். சில இடங்களில் நூறோ இருநூறோ கட்டணம், அல்லது அந்தக் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனை. இதற்கு மேல் கேட்டால் யோசியுங்கள். சில ஆயிரம் ரூபாய் நுழைவுக் கட்டணம், பங்கேற்புச் சான்றிதழ், வென்றால் ஓடிடி வாய்ப்பு என்று விளம்பரப்படுத்தப்படும் போட்டிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்தத் துறையில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு செட்டையும் ஒலிப்பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். காபிக் கடையில் பஞ்ச் வரும் நேரம் பார்த்துத்தான் மிக்ஸி ஓடும், அல்லது பில்லோடு சர்வர் வருவார். அந்தச் சத்தத்தில் விழாத ஜோக்கை மோசமான ஜோக் என்று தூக்கி எறிந்துவிடாமலிருக்கப் பதிவு உதவும். வாரம் இரண்டு மேடை கிடைத்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் உறுதியான செட் கையில் வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மேடையிலிருந்து வருமானம் எதிர்பார்க்க வேண்டாம்.

3. இப்போதைய வேலையின் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஐடி நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்களில் வேறு வருமானம் ஈட்டக் கூடாது அல்லது முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி சாதாரணமாக இருக்கும். மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளின்படி உரிய அதிகாரியிடம் அனுமதி பெறாமல் கட்டண நிகழ்ச்சியில் ஏறக் கூடாது.

4. பணம் வருவதற்கு முன்பே தாள்களைச் சரிசெய்யுங்கள்

முதல் வாய்ப்பு வந்த பிறகு ஓடி ஓடிச் செய்வதாக இருந்தால் வாய்ப்பே கைநழுவலாம். தேவைப்படுபவை பான் அட்டை, ஆதார், தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அந்தக் கணக்கின் ரத்து செய்யப்பட்ட காசோலை, உத்யம் பதிவுச் சான்று ஆகியவை. பான் இல்லாதவர்கள் ஆதாரை வைத்து வருமானவரித் துறையின் இணையதளத்தில் மின்பான் கட்டணமின்றிப் பெறலாம். பான் எண் தராவிட்டால் நிகழ்ச்சிக்காக உங்களுக்குத் தரும் தொகையில் 20 சதவீதம் வரியாகப் பிடித்தம் ஆகும்.

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை இனிஷியல். ஆதாரில் ‘க. முருகன்’, வங்கியில் ‘முருகன் க’, பானில் அப்பா பெயரை விரித்து ‘முருகன் கந்தசாமி’ என்று மூன்று விதமாக இருக்கும் ஆட்கள் நம்மில் ஏராளம். நிறுவனங்களின் கணக்குப் பிரிவும் யூடியூபின் பணப் பட்டுவாடாவும் இந்தப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பணம் நிற்கும். பான் விதிப்படி குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் இனிஷியல் போட முடியாது என்பதால், பானில் உள்ள விரிந்த பெயரையே அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்திவிடுவது எளிய வழி. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். மேடைப் பெயர் வேறாக இருந்தாலும் பில்லில் பானில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும்.

உத்யம் என்பது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு. தனிநபராகச் சேவை வழங்குபவரும் பதிவு செய்யலாம். அரசு இணையதளத்தில் இது முழுக்க இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கிக்கொள்ளும். முகவரியின் முடிவைப் பார்த்து அரசுத் தளம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிவின் பயன் அடுத்த படியில் தெரியும்.

ஜிஎஸ்டி பதிவு தொடக்கத்தில் தேவையில்லை. தமிழ்நாட்டில் சேவை வழங்குபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் அது பொதுவாகக் கட்டாயமாகிறது. நிறுவனம் கேட்டால் ‘எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, வரவு வரம்புக்குள் இருக்கிறது’ என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் போதும்.

5. கார்ப்பரேட் நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும் முறை

தமிழ் ஸ்டாண்ட்-அப்பில் பலருக்குச் சோறு போடுவது டிக்கெட் நிகழ்ச்சி அல்ல. நிறுவனங்களின் ஆண்டு விழாக்களும், குடியிருப்புச் சங்க விழாக்களும்தான். இங்கே கேட்கப்படுவது முப்பது நிமிடம் ‘க்ளீன்’ செட். அரசியல், மதம், சாதி, கெட்ட வார்த்தை எதுவும் இருக்கக் கூடாது. சில நிறுவனங்கள் முன்கூட்டியே வீடியோவோ எழுத்துப் படியோ கேட்கும். முழு ஸ்கிரிப்டைக் கொடுக்க வேண்டாம். தலைப்புகளின் பட்டியலும் பழைய க்ளிப் ஒன்றும் போதுமானவை.

தொகை பேசும்போதே ஐந்து விஷயங்களை மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்: எத்தனை நிமிடம், மொத்தத் தொகை, பாதி முன்பணம், பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திரும்பாது என்பது. ஒலியமைப்பைப் பற்றியும் ஒரு வரி சேர்ப்பது நல்லது. மைக்கும் ஸ்பீக்கரும் தனியாக இருக்க வேண்டும் என்றும், உங்கள் நேரத்தில் உணவுப் பந்தியைத் திறக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். பிரியாணி வந்த பிறகு சிரிக்கவைக்கும் ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

நிறுவனம் நேரடியாக அழைத்தால் ‘வெண்டார் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற படிவத்தை நிரப்பச் சொல்லும். பான், காசோலை, உத்யம் சான்று, ஜிஎஸ்டி உறுதிமொழி ஆகியவற்றை ஒரே பிடிஎஃப்பாக வைத்திருந்தால் அன்றே முடிந்துவிடும். பில்லில் வரிசை எண், தேதி, பானில் உள்ள பெயர், பான் எண், சேவையின் விவரம், தொகை, வங்கி விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நிகழ்ச்சி நடந்த மறுநாளே பில்லை அனுப்புங்கள், ஏனென்றால் காலக்கெடு பில் வந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்றே பல கணக்குப் பிரிவுகள் சொல்கின்றன. இடைத்தரகராக ஓர் ஈவென்ட் நிறுவனம் இருந்தால், வாடிக்கையாளரிடமிருந்து தங்களுக்குப் பணம் வரவில்லை என்பதே பல மாதங்களுக்குப் பதிலாக இருக்கும். எனக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து இந்தப் பதிலே திரும்பத் திரும்பக் கிடைத்தது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமதித்தால் அந்தச் செலவை வருமானவரிக் கணக்கில் கழிப்பதிலும் கொடுக்க வேண்டியவருக்குச் சிக்கல் வரும். உத்யம் எண்ணைப் பில்லிலேயே அச்சிட்டு, நினைவூட்டல் கடிதத்தில் இந்த விதியை மரியாதையாகக் குறிப்பிட்டால் பணம் வேகமாக நகர்வதைப் பார்க்கலாம்.

வரும் தொகையில் பெரும்பாலும் 10 சதவீதத்தை டிடிஎஸ் (வருமானவரி முன்பிடித்தம்) என்று பிடித்திருப்பார்கள். அது தொலைந்த பணமல்ல. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வருமானவரி இணையதளத்தில் பாருங்கள். ஆண்டு வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறலாம்.

6. பதிவு செய்யும் உரிமையில் கையெழுத்திடும் முன்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. உங்கள் செட்டை நல்ல கேமராவில் எடுத்து எங்கள் சேனலில் போடுகிறோம் என்று வருபவர்கள் ஒரு பக்கத் தாளை நீட்டுவார்கள். பதிப்புரிமைச் சட்டப்படி வீடியோவுக்கு உரிமையாளர் பொதுவாக அதைத் தயாரித்தவர்தான், அதில் நின்று பேசியவர் அல்லர். எழுதிய வசனத்தின் உரிமை எழுதியவருடையது. இவை தவிர நிகழ்த்துபவருக்கென்று தனி உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. நிகழ்த்துபவர் யார் என்று அந்தச் சட்டம் சொல்லும் பட்டியலில் நடிகர், பாடகர் இவர்களோடு கண்கட்டு வித்தைக்காரரும் பாம்பாட்டியும்கூடப் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறார்கள். நாம் ‘நிகழ்ச்சி செய்யும் வேறு எவரும்’ என்ற கடைசி வரிக்குள் அடங்குகிறோம்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். முதலாவது காலம்: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், ஆகவே ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருந்தால் அதை அடித்துவிட்டு ஆண்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது இடம்: நாடு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்று பொருள், ‘உலகம் முழுவதும்’ என்றிருந்தால் அதற்குத் தனித் தொகை கேட்கலாம். மூன்றாவது, அதே ஜோக்குகளை நீங்கள் மேடையில் தொடர்ந்து செய்யலாமா என்பது. இது எழுதப்படாவிட்டால், உங்கள் செட்டை உங்கள் சேனலிலேயே போட முடியாத நிலை வரலாம். படித்துப் பார்க்க ஒரு வாரம் கேளுங்கள். அதை மறுப்பவரின் தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

7. பாட்காஸ்டைத் தொடங்குங்கள்

மேடையில் பத்து நிமிட செட் வந்த பிறகே இதற்கு வாருங்கள். பாட்காஸ்டுக்கு வருகிற விருந்தினர்கள் பெரும்பாலும் மேடைப் பழக்கத்தில் கிடைப்பவர்கள்; மேடையில் உங்களைப் பார்த்தவர்கள்தான் முதல் நூறு கேட்பவர்களாகவும் இருப்பார்கள்.

முதலில் பெயர். இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் வர்த்தகச் சின்னத் தேடல் இலவசம். பொழுதுபோக்குச் சேவைகள் 41ஆம் வகுப்பில் வரும். அங்கேயும் யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் அந்தப் பெயர் இல்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ய விரும்பினால் தனிநபருக்கு இணையவழி அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். முதல் ஆண்டில் இது அவசியமில்லை என்பதே என் கருத்து.

அடுத்து கருவி. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் காலர் மைக் ஆளுக்கு ஒன்று வாங்கி, ஆளுக்கு ஒரு கைபேசியில் தனித்தனியாகப் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டல் தட்டினால் பிறகு இரண்டையும் பொருத்துவது எளிது. ஒலியைத் திருத்த உதவும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். ஸ்டூடியோ வாடகைக்கு எடுப்பதைப் பத்து எபிசோடு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஸ்டூடியோவுக்கான கண்டென்சர் மைக் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அது தெருமுனையில் போகும் பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கியையும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் உங்கள் குரலைவிடத் தெளிவாகப் பிடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறையில், இரவு ஒன்பதுக்குப் பிறகு பதிவு செய்வதே சென்னைக்கு ஏற்ற வழி.

ஸ்பாட்டிஃபையின் பாட்காஸ்ட் வெளியீட்டுத் தளமான ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸில் ஒலிக்கோப்பை ஏற்றி வைக்கக் கட்டணமில்லை. அங்கே கிடைக்கும், புது எபிசோடுகளை மற்ற தளங்களுக்குக் கொண்டுசெல்லும் ஆர்எஸ்எஸ் இணைய முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் சமர்ப்பிக்கலாம். அட்டைப்படம் 1400 முதல் 3000 பிக்சல் வரையிலான சதுரமாக இருக்க வேண்டும். பெயரைச் சிறிய எழுத்தில் போட்டால் கைபேசியில் படிக்க முடியாது. ஆறு எபிசோடாவது கையிருப்பில் இல்லாமல் அறிவிக்காதீர்கள். விருந்தினர் ஒருவர் வராவிட்டால் அந்த வாரம் காலியாகும். இரண்டு வாரம் காலியானால் கேட்பவர்கள் மறந்துவிடுவார்கள்.

விருந்தினரிடம் பதிவுக்கு முன் ஒரு சம்மதக் குறிப்பு வாங்குங்கள். வெளியிடவும் துண்டுகளாக வெட்டிப் பகிரவும் ஒப்புக்கொள்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கிடைத்தாலும் ஒன்றுமில்லாமலிருப்பதைவிட மேல். சினிமாப் பாட்டை நான்கு விநாடிகூடப் பின்னணியில் போட வேண்டாம். யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்தால் அந்த எபிசோடின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விடலாம்.

8. யூடியூப் பணம் கைக்கு வரும் வழி

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். மணிநேரக் கணக்குக்குப் பதிலாக 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை இருந்தாலும் போதும். நீண்ட வீடியோக்களின் விளம்பரத் தொகையில் 55 சதவீதம் உங்களுக்கு. நீண்ட உரையாடல்களுக்கு மணிநேரக் கணக்கு எட்டுவது எளிது. சந்தாதாரர் எண்ணிக்கைதான் மெதுவாக ஏறும், அதற்கு மேடை க்ளிப்புகள் உதவும்.

யூடியூப் பணம் வந்து சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் தபாலில் வரும். இதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதிவிடாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். நூறு டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்பப்படும், அதுவும் அடுத்த மாதத்தின் பிற்பாதியில். அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அமெரிக்கத் தமிழர்கள் கணிசமாக இருப்பதால் இது வெறும் சடங்கல்ல: நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்கள் வழி வரும் தொகையில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலிருந்தும் 24 சதவீதம் வரை போகலாம்.

9. சட்டச் சிக்கலுக்கு முன்னேற்பாடு

ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கி 2021 ஜனவரி முதல் தேதி இந்தூரில் கைதாகி, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஜாமீன் கிடைக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு கலைஞரான குணால் கம்ராவின் வீடியோவுக்காக, அது படமாக்கப்பட்ட மும்பை ஹேபிடட் அரங்கு அடித்து நொறுக்கப்பட்டது. விழுப்புரத்தில் வசிப்பதாகச் சொல்லிக் கம்ரா சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்கால முன்ஜாமீன் பெற்றார். உங்களை அஞ்சவைக்க இதைச் சொல்லவில்லை. மத உணர்வைப் புண்படுத்துவது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவிலும், அவதூறு 356ஆம் பிரிவிலும் வருகின்றன. எனவே செட்டின் வெட்டப்படாத முழுப் பதிவைத் தேதியோடு சேமித்து வையுங்கள்; புகார் வருவது பெரும்பாலும் யாரோ வெட்டிப் பரப்பிய முப்பது விநாடியின் மேல்தான். கடுமையான பொருள் இருந்தால் அரங்கு உரிமையாளரிடம் முன்பே சொல்வது நியாயம், ஏனெனில் உடைபடும் நாற்காலி அவருடையது. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண் கைபேசியில் இருக்கட்டும்.

10. சொந்த டிக்கெட் நிகழ்ச்சி

ஒரு மணிநேரச் செட் வந்துவிட்டது என்று நினைத்தால் முதலில் நாற்பது, ஐம்பது பேர் கொள்ளும் இடத்தில் ‘ட்ரையல் ஷோ’ நடத்துங்கள். நாரத கான சபா, சேத்துப்பட்டு முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கு போன்ற பெரிய இடங்களுக்குப் போவது அதற்கப்புறம். மார்கழியில் சபாக்கள் கச்சேரிகளுக்குப் போய்விடும் என்பதால் டிசம்பரையும் ஜனவரி முன்பாதியையும் மறந்துவிடுங்கள். மார்ச் முழுவதும் தேர்வுக் காலம், குடும்பங்கள் வராது. சேப்பாக்கத்தில் சென்னை அணி ஆடும் மாலைகளையும், பெரிய நடிகரின் படம் வெளியாகும் வார இறுதியையும் தவிர்த்து, மூன்று மாதம் முன்னதாகத் தேதி குறியுங்கள்.

அரங்கிடம் வாடகையை மட்டும் கேட்காதீர்கள். மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், ஏசி நேரம், ஒலி ஒளி, துப்புரவு, திருப்பித் தரும் வைப்புத் தொகை ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. காவல்துறை அனுமதியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். நுழையும்போது பாட்டு ஒலிக்க வேண்டும் என்றால் பாடல்களைப் பொது இடத்தில் ஒலிக்க அனுமதி தரும் ஐபிஆர்எஸ், பிபிஎல் ஆகிய அமைப்புகளின் உரிமம் அரங்கிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த நண்பரை அழைத்துவிடுவது மலிவு. நாடகம், கச்சேரி போன்றவற்றில் நபருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சி எந்த வகையில் சேரும் என்பதை விலை நிர்ணயிக்கும் முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். டிக்கெட் தளங்கள் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு நிகழ்ச்சி முடிந்த பிறகே பணம் அனுப்பும் என்பதால், அரங்குச் செலவு முழுவதையும் கையிலிருந்து முதலில் போட வேண்டியிருக்கும். அந்தத் தொகை முழுவதும் திரும்பாவிட்டாலும் அடுத்த மாத வீட்டு வாடகை தடைப்படாது என்ற நிலை வரும்வரை பெரிய அரங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.